வராத நாளுக்கு 500 ரூபாய்: கட்டுவதா, பேசிப் பார்ப்பதா, டாக்டரை மாற்றுவதா?

சீப்புச் சீடையில் ஆரம்பித்த வினை இது. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. பலகாரத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பேச்சுவாக்கில் கடித்தேன். 'டக்' என்றது. சீடை உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். நாக்கை விட்டுத் துழாவினால் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலையைக் காணோம். சீடை முழுசாக இருந்தது.

அடுத்த வாரம் காரைக்குடியில் ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சொத்தை ஏற்கெனவே நரம்பு வரை போய்விட்டது, சீடை சும்மா சாக்கு என்றார். ரூட் கேனால் என்கிற வேர் சிகிச்சையை மூன்று தடவையாகச் செய்ய வேண்டும், 4,500 ரூபாய், மேலே கேப் போடுவதற்குத் தனி என்று பேச்சு. பாதிப் பணம் கட்டினேன். முதல் தடவை நரம்பை எடுத்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். இரண்டாவது தடவைக்குச் சனிக்கிழமை காலை 11 மணி. வேர் சிகிச்சைக்கென்றே மேல்படிப்புப் படித்த டாக்டர் ஒருவர் மதுரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருகிறார். அதில் ஒரு மணி நேரம் எனக்கு.

அந்தச் சனிக்கிழமை விடிகாலை தேவகோட்டையிலிருந்து போன். பெரியப்பா தவறிவிட்டார். எழுந்த கோலத்தில் கிளம்பினோம். கேத வீட்டில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். பல் ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தபோது மணி 10.50. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பந்தலுக்கு வெளியே போய் நின்று, வர முடியாது என்று சொன்னேன். "சரிங்கண்ணே" என்று வைத்தார்கள். நாலு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் செய்தி: வராத அப்பாயின்ட்மென்டுக்கு 500 ரூபாய், அதைக் கட்டிய பிறகே அடுத்த தேதி. 24 மணி நேரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமாம். பெரியப்பா எனக்கே சொல்லவில்லை.

கோபம் வந்தது. ஆனால் கதையில் பாதியை மறைத்துவிட்டு நியாயம் கேட்கக் கூடாது. அதற்கு முன்பும் ஒரு தடவை நான் போகவில்லை. அன்று லாரியில் கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது, அடியோடு மறந்துவிட்டேன். அப்போது ஒரு வார்த்தை கேட்காமல் வேறு தேதி கொடுத்தார்கள். இது இரண்டாவது. அதனால்தான் கட்டணம் என்று சொல்லவில்லை, ஆனால் அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

கட்டிவிடுவது, போய்ப் பேசுவது, வேறு டாக்டரிடம் போவது, புகார் கொடுப்பது. இந்த நாலையும் ஒரு வாரம் மனதில் போட்டு உருட்டினேன். உருட்டியதை எழுதுகிறேன்.

அந்த ஒரு மணி நேரம்

நான் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவன். கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் வேலை. ஒவ்வொரு கல்லும் ஒரு ஆளின் கை வழியாகத்தான் வரும். "எங்க அப்பச்சி வீட்டு முகப்புல இருக்கிற அதே கலர்" என்று ஆயிரம் கல் சொல்லிவிட்டு ஆள் வராமல் போனால், அந்தப் பச்சையையும் காவியையும் நான் வேறு யார் தலையில் கட்டுவது? அதனால் பாதி அட்வான்ஸ் வாங்குகிறேன். வேண்டாம் என்றால் திரும்பக் கிடையாது. பில் புத்தகத்தில் தமிழிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஒரு டாக்டர் 500 ரூபாய் கேட்டதற்குக் குதிக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி சரிதான். யோசித்துப் பார்த்தால் என் நிலைமை டாக்டரைவிடத் தேவலை. வாங்காத கல் கொட்டகையில் கிடக்கும், என்றைக்காவது ஒரு ரெசார்ட்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். சனிக்கிழமை 11 மணி எங்கேயும் கிடக்காது. மதுரையிலிருந்து வருகிறவர் ஒரு நாளைக்கு நாலைந்து பல் பார்ப்பதை நம்பித்தான் பஸ் ஏறுகிறார். ஒன்று குறைந்தால் அவருக்கு அது நேரடி நஷ்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் செய்த கல்லுக்கு மணல், சிமெண்டு, கூலி எல்லாம் போய்விட்டது. எனக்காக எடுத்து வைத்த ஊசியும் கையுறையும் பிரிக்காமலேயே இருந்திருக்கும், அடுத்த ஆளுக்கு ஆகும். அதுவும் நம் ஊரில் சனிக்கிழமை காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். என் இடத்தில் ஒருவரை உட்கார வைத்திருந்தால் நஷ்டம் ஏது? ஆக நஷ்டம் ஒன்றுமில்லை என்பதும் பொய், முழு ஒரு மணி நேரமும் நஷ்டம் என்பதும் பொய். 500 என்பது அந்த நடுவில் எங்கேயோ இருக்கிற ஒரு தொகை. 2,000 கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறு.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் புலம்பினேன். அவன் சிரித்தான். இங்கிலாந்தில் அரசாங்க என்.எச்.எஸ். கணக்கில் பல் பார்த்துக்கொள்பவர் வராமல் போனால் பணம் வாங்கக் கூடாது என்று விதி. ஆனால் திரும்பத் திரும்ப வராவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிடலாம். அதே டாக்டரிடம் தனியாகக் காசு கொடுத்துப் பார்த்தால் வராத நாளுக்கும் கட்டணம் உண்டு. எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சேரும்போதே காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். "நீ எதுல கையெழுத்துப் போட்டேன்னு முதல்ல பாருண்ணே" என்றான்.

பார்த்தேன். முதல் நாள் கொடுத்த படிவத்தின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி: 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ வராவிட்டாலோ கட்டணம் விதிக்கப்படலாம். கீழே என் கையெழுத்து. கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்று ஒப்பந்தம் எழுதி, மொய்ப்பணத்துக்கு ஏடு வைத்து, கொடுக்கல் வாங்கலில் காலணாவையும் பேரேட்டில் ஏற்றிய ஊரில் பிறந்துவிட்டு, படிக்காமல் போட்டது என் தப்பு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கட்டணம் உண்டு என்று இருக்கிறதே தவிர, எவ்வளவு என்று இல்லை. தொகை எழுதாத முறியை எங்கள் ஐயா காலத்தில் யாரும் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு இப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: முன்கூட்டியே சொன்னார்களா, தொகையைச் சொன்னார்களா, உங்களுக்குப் புரிகிற விதத்தில் சொன்னார்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்கள் பக்கம் வாதம் குறைவு. எதுவுமே சொல்லாமல் திடீரென்று கேட்டால் நன்றாகவே வாதாடலாம். என்னுடையது ரெண்டுங்கெட்டான்.

பேசாமல் கட்டிவிட்டால்

செலவு 500, நேரம் ஒரு நிமிடம், ஜிபேயில் வேலை முடிந்தது. பல் பாதியில் நிற்கும்போது இந்த வழிக்கு இருக்கிற பலம் சாதாரணமில்லை. ஏன் என்று டாக்டரை மாற்றுவதைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். சத்தமில்லாமல் கட்டினால் அது அபராதமா, அட்வான்ஸா என்பதே தெரியாமல் போய்விடும். சில இடங்களில் தேதி கொடுக்கும்போதே 300, 500 என்று வாங்கிவிட்டு, வந்தால் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள், வராவிட்டால் போச்சு. அது எனக்குச் சம்மதம். கொடுக்கும்போதே தெரிந்து கொடுக்கிறோம். வராததற்குப் பின்னால் தனியாகக் கேட்பது வேறு சமாசாரம். கட்டுவதாக இருந்தாலும் 'இது எதற்கு' என்று கேட்டு, அதையே எழுதி ரசீது வாங்குங்கள். ரசீது கொடுக்க மாட்டோம் என்றால், 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடவடிக்கை. அதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ரசீது வேண்டும் என்று கேட்டாலே பாதி இடத்தில் தொகை குறைகிறது என்பது கடைக்காரனாக என் அனுபவம்.

வேறு டாக்டரிடம் போனால்

கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான். ஊரில் பல் டாக்டருக்கா பஞ்சம், பெரியார் சிலையிலிருந்து கல்லூரிச் சாலை வரை நடந்தால் போர்டு மேல் போர்டு. ஆனால் பாதியில் நிற்கும் ரூட் கேனாலோடு டாக்டரை மாற்றுவது, பாதி ஓடு போட்ட வீட்டுக்குக் கொத்தனாரை மாற்றுவது போல. வருகிறவர் முதலில் பழைய வேலையைக் குறை சொல்லுவார், அப்புறம் அதைப் பிரிப்பார்.

விஷயம் பல்லுக்குள்ளே இருக்கிறது. கீழே இருக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அதற்குள் மூன்று கால்வாய், சிலருக்கு நாலு. ஒவ்வொரு கால்வாயின் நீளத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்து வைத்துத்தான் சுத்தம் செய்கிறார்கள். அந்தக் குறிப்பு பழைய டாக்டரிடம் இருக்கிறது. புதியவர் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மறுபடி அளக்க வேண்டும். நான் இரண்டு இடத்தில் விசாரித்தேன். பாதியில் வந்தாலும் ரூட் கேனாலுக்கு முழுப் பணம்தான் என்றார் ஒருவர். இன்னொருவர் பல்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார், அது நேர்மையான பதில். நான் ஏற்கெனவே கட்டிய 2,250 ரூபாயை விட்டுவிட்டுப் போனால், 500 ரூபாய்க் கோபத்துக்கு அதைப்போல நாலைந்து மடங்கு தண்டம்.

அப்புறம் அந்தத் தற்காலிக அடைப்பு. வாயில் கிராம்பு வாசம் வருகிறதே, அது சும்மா வரவில்லை. துத்தநாக ஆக்சைடை, கிராம்பு எண்ணெயிலிருந்து கிடைக்கும் யூஜினாலோடு குழைத்து வைப்பது பழைய முறை, இன்றும் பல இடங்களில் அதுதான். எதை வைத்தாலும் அது சில வாரத்துக்கான ஏற்பாடு. தேயும், ஓரத்தில் வழிவிடும், எச்சிலோடு கிருமி உள்ளே இறங்கும். நரம்பு எடுத்த பல் வலிக்காது என்பதால் நாம் மறந்துவிடுவோம். ஒரு நாள் ஈறு வீங்கும்போதுதான் ஞாபகம் வரும். இன்னொன்று, நடுவில் பள்ளம் தோண்டிய பல் கேப் போடும் வரை பலமில்லாதது. மறுபடி ஒரு சீடை போதும், நட்டநடுவே பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேதம் முடிந்து பத்து நாளும் நான் வெள்ளைப் பணியாரம், இட்லி என்று வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன்.

டாக்டரை மாற்றுவது சரியாக இருக்கும் இடமும் உண்டு. வேலை இன்னும் தொடங்கவில்லை, வெறும் சுத்தம் செய்யவோ அடைக்கவோதான் தேதி வாங்கியிருந்தீர்கள் என்றால் தாராளமாக மாற்றலாம். கட்டணம் பெரிதாக இருந்து பேசவும் மறுத்தால் மாற்றலாம். பணம் கட்டும் வரை எக்ஸ்ரேயும் குறிப்பும் தர மாட்டோம் என்று சொன்னால் கண்டிப்பாக மாற்ற வேண்டும், வாங்கிக்கொண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டயத்தில் சிகிச்சைப் பதிவுகளைப் பெறும் உரிமையும், என்ன செலவு என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் உரிமையும் இருக்கின்றன. பணிவாக, எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

புகார் கொடுத்தால்

என் மைத்துனர் ஒருவருக்கு எதற்கெடுத்தாலும் கன்ஸ்யூமர் கோர்ட். "விடாதீங்க மாமா, போடுங்க கேஸை" என்றார். சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது என்பது உண்மை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எழுதியிருக்கிறதே என்று அப்படியே வசூலித்துவிட முடியாது. 2019-ம் வருடச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது: ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத்தொகையை நுகர்வோர் மேல் சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம்.

மைத்துனருக்குத் தெரியாதது அடுத்த வரி. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்குப் போட்டால் அது சிவகங்கையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குப் போகும். 500 ரூபாய்க்கு மாநில ஆணையம்! சேவைக் குறைபாடு என்று போட்டால் மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ளும். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் இரண்டு தடவை வராமல் போன ஆளுக்கு எந்தச் சேவையில் குறை வைத்தார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

பெரிய தொகை, முன்னால் சொல்லவேயில்லை, பதிவுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்ற நிலைமையில் இருப்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வழக்குக்கு முந்தின படி அது, காசு செலவில்லை. எனக்கு இந்த வழி கொசுவை அடிக்க உலக்கை. மைத்துனரிடம் யோசிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

போய்ப் பேசியது

ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரைக்குப் போனேன். காலைக் கூட்டம் கலைந்து, டாக்டர் சாப்பிடப் போவதற்கு முன்னால் பத்து நிமிடம் இருக்கும். சனிக்கிழமையோ சாயங்காலம் ஆறு மணிக்கோ போயிருந்தால் நாலு பேர் முன்னால் நானும் விறைத்திருப்பேன், அவர்களும் விறைத்திருப்பார்கள்.

ரிசப்ஷனில் இருந்த பிள்ளை, "சிஸ்டத்துல ஏறிருச்சுண்ணே, நான் எடுக்க முடியாது" என்றது. அந்தப் பிள்ளையிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே இரண்டு தேதி, இரண்டிலும் 'வரவில்லை' என்று மட்டும் இருந்தது. கேதம் என்று யாரும் குறிக்கவில்லை.

"போன்ல சொன்னேனே டாக்டர்."

"சொன்னீங்களா? எனக்கு வந்து சேரலண்ணே. துக்கம்னு தெரிஞ்சா கேட்டிருக்கவே மாட்டோம்."

"முதல் தடவை என் தப்பு. அதுக்குன்னு கேளுங்க, தர்றேன். கேதத்துக்குத் தர மனசு வரல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார். 500-ஐ இப்போது கட்டிவிட வேண்டும், மீதி இரண்டு தடவையும் தவறாமல் வந்தால் கேப் பில்லில் அதைக் கழித்துவிடுவார், மறுபடி வராவிட்டால் போனது போனதுதான். அதாவது அபராதத்தை அட்வான்ஸாக மாற்றிவிட்டார். எனக்குச் சரியென்று பட்டது. ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொன்னேன். தமிழிலேயே எழுதினார், கையெழுத்து டாக்டர் கையெழுத்துதான் என்றாலும் தொகை தெளிவாக இருந்தது.

வாய் சும்மா இருக்கவில்லை. "முதல் நாள் எனக்கு 10 மணின்னு சொல்லி 11.20-க்குக் கூப்பிட்டீங்க. அதுக்கு ஏதும் கழிவு உண்டா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "நியாயம்தான்ணே" என்றார். நியாயம் என்று சொன்னாரே தவிர அதற்கு ஒரு தொகை சொல்லவில்லை. காத்திருக்கும் நோயாளியின் நேரத்துக்கு எந்தப் படிவத்தின் பின்பக்கத்திலும் ஒரு வரி கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

பேசப் போகிறவர்களுக்கு: என்ன நடந்தது என்பதை முதலில் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிட்டுப் போங்கள், தேதி, நேரம், யார் எடுத்துப் பேசினார்கள் என்பதோடு. நான் அதைச் செய்யவில்லை, அதனால்தான் கேதமே பதிவாகாமல் போனது. போனில் சொன்னதை உடனே ஒரு செய்தியாகவும் தட்டிவிட்டிருந்தால் இந்த 500 பேச்சே வந்திருக்காது.

அடுத்த பல்லுக்கு எந்த மாதிரி இடம்

இந்தத் தடவைக்குப் பேசித் தீர்த்தாயிற்று. ஆனால் வீட்டில் இன்னும் ஐந்து பேர் பல் இருக்கிறது.

நம் பக்கத்தில் டோக்கன் கொடுத்துப் பார்க்கும் பழைய டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேதி, நேரம் ஒன்றும் கிடையாது. ஒன்பது மணிக்குப் போய் 14-ம் நம்பர் வாங்கிக்கொண்டு, கடைத்தெருவில் சாமான் வாங்கிவிட்டு வந்து உட்கார வேண்டியது. வராவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, நம்பர் போகும், அவ்வளவுதான். பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்கு இதுதான் தோது. 11 மணி என்று சொன்னால் பஸ் 11 மணிக்கு வர வேண்டுமே. அதிலும் மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பால்குடம் போகிற நாளில் காரைக்குடிக்குள் எந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும். பல் பிடுங்க, அடைக்க, வலிக்கு மாத்திரை வாங்க டோக்கன் போதும். ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டிய வேலைக்கு, வெளியே இருபது பேர் காத்திருக்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. டாக்டரின் கை அவசரப்படும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறவர்களுக்கு நேர்மாறு. கல்யாணம், குலதெய்வக் கும்பிடு, நடுவில் பல் வேலையும் முடித்துக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் இடம்தான் சரி, வராத நாளுக்குக் கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை. கட்டணம் இருக்கும் இடத்தில்தான் நம் நேரமும் நமக்காகக் காலியாக இருக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் இந்தக் கூட்டம் வந்து நிற்கும்போது ஆஸ்பத்திரிகள் கறாராக இருப்பதையும் பார்க்கிறேன். உள்ளூர்க்காரர்கள் அவசரமில்லாத வேலையை ஆடி, மார்கழியில் வைத்துக்கொண்டால் தேதியும் சுலபமாகக் கிடைக்கும், மாற்றினாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அரசு. முன்பெல்லாம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னை ஒன்றுதான், 1953-லிருந்து. அப்புறம் கானாடுகாத்தான் ராஜா தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டதில் சிதம்பரம் சேர்ந்தது. 2023-ல் புதுக்கோட்டையில் ஒன்று திறந்தார்கள். நமக்கு அது பெரிய சௌகரியம். திருமயம் வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம், ரயிலும் உண்டு. செலவு தனியாரோடு ஒப்பிட்டால் பெயருக்குத்தான். வராத நாளுக்கு யாரும் பணம் கேட்கப் போவதில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள், நிதானமாகத்தான் நடக்கும், தனியாரில் மூன்று தடவையில் முடிவது அங்கே கூடுதலாக இழுக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போகும். நான் கடையைப் பூட்டினால் ஒரு நாளைக்கு 500-க்கு மேல் போய்விடும், ஆகவே எனக்குக் கட்டுபடியாகாது. ஓய்வு பெற்றவர்கள், ஒரே நேரத்தில் நாலைந்து பல்லுக்கு வேலை இருக்கிறவர்கள், முழுப் பல்செட் கட்ட வேண்டியவர்கள் இங்கே 30,000, 40,000 என்று கேட்கும்போது ஒரு தடவை புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

என் பல்லுக்கு மீதி இரண்டு சனிக்கிழமையும் ஒழுங்காகப் போனேன், அரை மணி முன்னாலேயே. கேப் பில்லில் 500 கழிந்தது. மகனுக்குக் கம்பி கட்ட வேண்டும், ஒன்றரை வருடம் மாதாமாதம் போகிற வேலை. அதற்கும் இதே ஆஸ்பத்திரிதான், ஆனால் இந்தத் தடவை படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, தொகையை எழுதச் சொல்லி, பள்ளிக்கூடப் பரீட்சை நாட்களை முன்கூட்டியே விலக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா மட்டும் மசியவில்லை. ஆடுகிற பல் ஒன்று இருக்கிறது, அப்பாயின்ட்மென்ட் வாங்கவா என்று கேட்டேன். "எந்தக் கிழமை விழும்னு பல்லுக்கே தெரியாது, நீ எதுக்குடா தேதி குறிக்கிற" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை கோவிலூர்ச் சாமியைக் கும்பிட்டு வருகிற வழியில் தானே இறங்கி 9-ம் நம்பர் டோக்கன் வாங்கிவிட்டார்.